கூட்டின முற்றம்: திருகோணமலையில் ஆறு நாள்

முதலாம் நாள், புதன்

கொழும்பிலிருந்து இரவு பஸ். ஹபரணை வரை பைலாப் பாட்டு, அதற்குப் பிறகு பக்கத்து சீட்டுக்காரரின் குறட்டை. கந்தளாயில் நிறுத்தினார்கள். தயிர்க் கடைகள் பூட்டிக் கிடந்தன, வெறும் சட்டிகள் மட்டும் வெளியே அடுக்கியபடி. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு ஏறினேன். நாலரைக்குத் திருகோணமலை, அங்கிருந்து ஓட்டோவில் உப்புவெளி.

வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாக வீட்டுச் சாமியறையில் விளக்குக் கொளுத்தினாலும் மனம் ஒட்டவில்லை. சும்மா கை கூப்பி, நெருப்புப் பெட்டியை வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற மாதிரி. பாடல் பெற்ற தலத்துக்குப் போனால் சரிவரும் என்று நினைத்தேன். கோணேஸ்வரம், பத்திரகாளி, கன்னியா, தம்பலகாமம் ஆதிகோணநாயகர், சல்லி அம்மன் என்று போனில் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். தங்குவது என் கணவருடைய மாமி வீட்டில். கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 74, பிள்ளைகள் மூன்று பேரும் கனடாவில்.

படலையைத் திறந்தபோது நல்ல இருட்டு. சர், சர் என்று சத்தம். முற்றத்து லைட்டும் போடாமல் மாமி கூட்டிக்கொண்டிருந்தார்.

"நில்லு பிள்ளை. அந்தக் கரையால வா."

எனக்குக் கிடைத்த வரவேற்பு அதுதான். கூட்டின பக்கத்தில் கால் வைக்கக் கூடாதாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதிலோரமாகக் கள்ளன் மாதிரி நடந்து கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினேன்.

விடிந்த பிறகுதான் முற்றத்தைச் சரியாகப் பார்த்தேன். கடற்கரை மணல். ஈர்க்கு விளக்குமாறு கீறின கோடுகள் அரை வட்டம் அரை வட்டமாக, மீன் செதில் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று. வாசற்படியில் தொடங்கிப் படலை வரை ஒரு கால் தடம் கிடையாது. நடுவில் ஒரு மாவிலை மட்டும் கிடந்தது. "மாமி, ஒண்டு விட்டிட்டீங்கள்" என்றேன்.

"அது பிறகு விழுந்தது. நாளைக் கணக்கு."

காலைக்குப் பிட்டு. இதைக் கொஞ்சம் எழுத வேண்டும். வறுத்த அரிசி மாவில் கொதிநீரை ஒரே ஊற்றாக ஊற்றவில்லை. அகப்பைக் காம்பால் கிண்டக் கிண்ட, செம்பிலிருந்து நூல் மாதிரி விட்டார். பிறகு அரிசி அளக்கிற சுண்டைக் கவிழ்த்து, அதன் விளிம்பால் மாவைக் கொத்தினார். டக் டக் டக் என்று ஒரே சீரான தாளம். கட்டி எல்லாம் உதிர்ந்து குருணி குருணியாக வந்தது. தேங்காய்ப்பூ, பிட்டு, தேங்காய்ப்பூ என்று குழலில் மாறி மாறிப் போட்டு அவித்து, முதல் துண்டைத் தள்ளிச் சின்ன வாழையிலையில் வைத்துக்கொண்டு சாமியறைக்குப் போனார். ஒரு நிமிஷம்கூட இல்லை, திரும்பி வந்துவிட்டார்.

"என்ன கும்பிட்டீங்கள்?"

"என்னத்தைக் கும்பிட? சுடச்சுட இருக்கு எண்டு காட்டிப்போட்டு வந்தன்."

பஸ் அலுப்பு. இன்று ஒரு கோயிலுக்கும் போகவில்லை.

இரண்டாம் நாள், வியாழன்

கோணேஸ்வரம் போக நல்ல நாள் பார்த்தேன், நேரம் பார்க்க மறந்துவிட்டேன்.

பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் புள்ளிமான்கள். காட்டு மான் என்று மயங்க வேண்டாம், கையில் கச்சான் சுருளைக் கண்டால் பின்னாலேயே வரும். ஒன்று என் சேலைத் தலைப்பை வாயில் எடுத்துவிட்டது. அதிலிருந்து மீண்டு, மேலே போகும் வழிக் கடைகளில் ஒரு பனையோலைப் பெட்டிக்கு விலை பேசி, பேசி முடித்து வாங்காமலும் விட்டு, மேலே ஏறினால் மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்தியாயிற்று.

செருப்பைக் கீழே விட்டுவிட்டேன். தரை தணல். ஒரு காலை வைத்து ஒரு காலை எடுத்து, அந்த இடத்தில் நான் ஆடிய ஆட்டத்தைச் சிவபெருமான் உள்ளே இருந்து பார்த்திருந்தால் போட்டிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். ஒருவழியாகப் பாறை ஓரத்து மர நிழலுக்கு ஓடினேன். கிளை எங்கும் சின்னச் சின்ன மரத் தொட்டில்களும் முடிச்சுப் போட்ட துணிகளும். பிள்ளை வரம் கேட்டுக் கட்டுகிறவை. கீழே நேர்க்குத்தாகக் கடல். இராவணன் வெட்டுக்குள் அலை புகுந்து வெளிவரும் சத்தம் மட்டும்.

அந்த நிழலில் இருந்தபோதுதான் அவரைக் கண்டேன். குழாயடியில் குந்தியிருந்து ஒருவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். செம்புக் குடம், பித்தளைத் தாம்பாளம், தூபக்கால், அடுக்குத் தீபம். பழப்புளியைக் குழைத்துப் பூசி, சாம்பல் தொட்டு, தும்பால் தேய்த்தார். அடுக்குத் தீபத்தின் ஒவ்வொரு குழிக்குள்ளும் பெருவிரலை விட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகும் வரை சுழற்றிச் சுழற்றி. எத்தனை குழி! ஒன்றையும் விடவில்லை.

"அண்ணை, இதெல்லாம் ஒவ்வொரு நாளுமா?"

"பூசை நடந்தாத் தேய்க்கத்தானே வேணும் அக்கா. சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் வைக்கிறதே?"

பின்னேரம்தான் திறப்பு என்றும் சொன்னார். கால் எரிச்சலில் காத்திருக்க முடியவில்லை, திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மாமி கிணற்றடியில் குந்தியிருக்கிறார். நாளைக்கு வெள்ளி. குத்துவிளக்கைக் கழற்றி ஐந்து துண்டாக வைத்து, புளி, சாம்பல், தும்பு. அதே பெருவிரல், அதே சுழற்று. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று கேட்டார், சொன்னேன். "அப்ப நீ கோணேசரைப் பாக்கேல்லை, குசினியைப் பாத்திட்டு வந்திருக்கிறாய்" என்றார். என்னிடம் ஒரு தண்டைத் தந்தார். நான் தேய்த்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் தானே தேய்த்தார்.

மூன்றாம் நாள், வெள்ளி

இன்று விடிய முன்னரே ஓட்டோ பிடித்து மேலே போய்விட்டேன். செருப்பையும் கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுபோனேன், தேவைப்படவில்லை. அந்த நேரம் கல் குளிராகத்தான் இருந்தது.

பூசையை இதற்கு முன் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இன்று நேற்றைய குழாயடி மனதில் இருந்ததால் வேறு மாதிரித் தெரிந்தது. கதவைத் திறந்தார்கள். நேற்றைய பூவைக் களைந்தார்கள். குளிப்பாட்டினார்கள், துடைத்தார்கள், உடுத்தினார்கள், பொட்டு வைத்தார்கள். சாப்பாடு வைத்துத் திரையை மூடினார்கள். சாப்பிடுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது அல்லவா? பிறகு விளக்கைக் காட்டினார்கள். வயதான ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் விடியற்காலையில் செய்கிற வேலைகள்தான் அத்தனையும். ஐயர் அவசரப்படவும் இல்லை, உருகவும் இல்லை. செய்தார்.

திரும்பும்போது கோட்டை வாசலில் கொஞ்சம் நின்றேன். தூணில் மீன் சின்னமும் பழைய தமிழ் எழுத்தும் செதுக்கின கல் இருக்கிறது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள், அந்தக் கற்களையே எடுத்து இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மறுபடி கோயில் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1963இல். நடுவில் 341 வருஷம். இன்று வரை அந்தக் கழித்தல் கணக்கை நான் செய்து பார்த்ததே இல்லை.

அந்த வருஷங்களில் என்ன நடந்தது? 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கோபுரம் இல்லை, மண்டபம் இல்லை, சுற்றிவரப் பட்டாளம். அந்திப் பொழுதில் ஐயர் ஒருவர் மலை நுனிக்கு இறங்கிப் போய், கடலை நோக்கித் தீபம் காட்டி, தேங்காயும் பழமும் வெற்றிலையும் கீழே அலையில் போடுவார். சனம் பின்னால் நின்று கும்பிடும். முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கும்பிட ஒரு சுவர்கூட இல்லாத இடத்தில் இது தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. நகரசபை கிணறு தோண்டப் போய், புதைத்து வைத்திருந்த சோமாஸ்கந்தர் முதலான பழைய விக்கிரகங்கள் வெளியே வந்தது 1950இல்தான். அதுவரை அந்த ஐயர்மார் யாருக்குச் சாப்பாடு வைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே ஓட்டோவில் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முருங்கையிலைச் சொதி. உலையில் அரிசி போட முன்னர் மாமி ஒரு பிடி அள்ளி அலமாரியில் இருந்த பழைய பால்மா ரின்னுக்குள் போட்டார். நேற்றும் முந்தாநாளும் கண்டேன், கேட்கவில்லை. இன்று கேட்டேன்.

"பிடியரிசி. அம்மா போட்டவ. நிரம்பினாப் பத்திரகாளி கோயில் அன்னதானத்துக்குக் குடுப்பன்."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "தொண்ணூறில சண்டைக்குள்ள ஓடேக்க அம்மா நகையை விட்டிட்டு இந்த ரின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவ. நாங்கள் பேசினம். பிறகு அஞ்சு நாள் பள்ளிக்கூடத்துக்குள்ள இருந்து அதைத்தான் காய்ச்சிக் குடிச்சது." அதே ரின் இல்லை, அது துருப்பிடித்துப் போய் இது நாலாவதாம்.

நான்காம் நாள், சனி

கன்னியா. மாமியும் வருகிறேன் என்றார், எனக்கு ஆச்சரியம். கோணேஸ்வரத்துக்குக் கூப்பிட்டபோது "முழங்கால் விடாது, அவர் அங்க இருக்கிறார்தானே" என்று சொன்னவர்.

நகரத்திலிருந்து அநுராதபுரம் போகும் வீதியில் கொஞ்சத் தூரம். ரிக்கற் எடுத்து உள்ளே போக வேண்டும். சதுரச் சதுரமாக ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கடன் கழிக்கத் தண்ணீர் தேடி ஏழு இடத்தில் வாளால் குத்தினான் என்பது கதை. அதனால்தான் இந்தப் பக்கத்துச் சனம் செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக்கு இங்கே வருகிறது. மாமாவுக்கும் இங்கேதான் செய்தார்களாம். மாமி அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

ஆழம் இல்லை, குனிந்து வாளியால் அள்ளலாம். கிணற்றுக்கு மூன்று வாளி. மாமி எண்ணி எண்ணி ஊற்றினார். ஒன்று பொறுக்க முடியாத சூடு, இன்னொன்று வெறும் பச்சைத் தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. "மாமி, இதில சூடே இல்லை, விடுங்கோவன்" என்றேன். "சூடில்லாததுக்கும் மூண்டுதான்" என்று தொடர்ந்தார். இருபத்தொன்று முடிந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டு, எனக்கு ஒரு சோளம் வாங்கித் தா என்றார்.

ஞாயிறு தம்பலகாமம் என்று எழுதியிருந்தேன். அதை விட்டுவிட்டு மாமியோடு கிண்ணியாவுக்குப் போகிறேன்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

காலையில் கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மடி கரைக்கு வந்தது, சூடையும் கொஞ்சம் காரலும்தான். வலைக்காரர் ஒருவர் மறுபடி கடலுக்குள் இறங்க முன்னர் குனிந்து தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்ததைக் கண்டேன். விளையாட்டு மைதானத்துக்குள் இறங்கும் பெடியன்கள் செய்கிற மாதிரி, நடையை நிறுத்தாமலே.

வரும் வழியில் நிலாவெளி வீதியில் போர்க் கல்லறை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான். அந்த யுத்தத்தில் செத்த எங்கெங்கோ ஊர்ப் பிள்ளைகளின் கற்கள் வரிசையாக. ஒரு அண்ணை புல் வெட்டிக்கொண்டிருந்தார். கல்லைச் சுற்றி மட்டும் மெஷினை வைத்துவிட்டுக் கையால் வெட்டினார்.

சரி, கிண்ணியாவுக்கு வருகிறேன். இன்றைய நாளே அதுதான்.

மாமி கிண்ணியாவில் கொஞ்சக் காலம் படிப்பித்திருக்கிறார். அப்போது பாலம் இல்லை, பாதையில்தான் ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். வாகனமும் சனமும் ஆடும் ஏற்றுகிற மிதவைக்கு இந்தப் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். பாதை கரையை விட்டதும் மாமி கோணேஸ்வரப் பதிகத்தை முணுமுணுக்கத் தொடங்குவாராம். முதல் பாட்டிலிருந்து கடைக்காப்பு வரை முழுவதும். அது முடிய அக்கரை வருமாம். காற்று எதிர்த்தால் இரண்டு பாட்டுத் திரும்பப் பாட வேண்டி வரும். "அதுதான் எனக்குக் கோயில் போற நேரம். வேற எங்க நேரம்? மூண்டு பிள்ளையள், காலமைச் சமையல், கொப்பி திருத்திறது" என்றார்.

2009இல் பாலம் வந்தது. 396 மீற்றர். ஓட்டோ பாலத்தில் ஏறியதும் மாமியின் வாய் அசையத் தொடங்கியது. நான் பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இரண்டு பாட்டுக்கூட முடிந்திருக்காது, பாலம் முடியப் போகிறது. "தம்பி, கொஞ்சம் மெல்லப் போப்பா" என்றார். அந்தப் பெடியன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லப் போனான். பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்தது. அப்படியும் மூன்றாவது பாட்டில் பாலம் தீர்ந்துவிட்டது.

மாமி நிறுத்தவில்லை. கடைத்தெரு, பள்ளிவாசல், சந்தி எல்லாம் தாண்டி வீட்டு வாசலில் ஓட்டோ நின்ற பிறகும் உள்ளேயே இருந்து முணுமுணுத்தார். அவரோடு அந்தக் காலத்தில் படிப்பித்த ராத்தாதான் வீட்டுக்காரர். வாசலுக்கு வந்தார். ஓட்டோவுக்குள் பார்த்தார். கூப்பிடவில்லை, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேற்றில் கை வைத்தபடி நின்றார். மாமி முடித்துவிட்டு இறங்கினார்.

"இண்டைக்கு எத்தினையாம் பாட்டில பாலம் முடிஞ்ச ரீச்சர்?"

"மூண்டு."

"போன முறை நாலு வந்தது." இருவரும் சிரித்தார்கள்.

மத்தியானம் ளுஹர் பாங்கு சொன்னது. ராத்தா பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து, தொழ முன்னர் கை கால் கழுவுகிற வுழுச் செய்யப் போனார். சின்னக் கேத்தல் தண்ணீர்தான். குழாய் இருந்தும் கேத்தலில் எடுத்தார். மூன்று தரம் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, பிறகு தலை, கால். ஒரு சொட்டும் கூடுதலாகப் போகவில்லை. நேற்று மாமி எண்ணின மூன்று எனக்கு ஞாபகம் வந்தது. அவர் தொழுகைக்குப் போனதும் மாமி எழுந்து ரீவிச் சத்தத்தைக் குறைத்தார், குசினிக்குள் போய் அடுப்பில் இருந்த ஆணத்தைக் கிண்டினார், அடுப்பைத் தணித்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. இந்த இருவரும் எத்தனை வருஷமாக இப்படி ஒருவருக்கு ஒருவர் அடுப்புப் பார்த்திருப்பார்களோ.

வட்டிலாப்பம் இரண்டு துண்டு தின்றேன். மூன்றாவதும் தின்றேன்.

ஆறாம் நாள், திங்கள்

இன்று பகல் பஸ். நான்கு மணிக்கே அலாரம் வைத்து எழும்பினேன். மாமிக்கு முன்னர் முற்றத்தைக் கூட்டி வைக்க வேண்டும் என்று ஆசை. படலையடியில் தொடங்கி வீட்டுப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அரை வட்டம் எனக்கு வரவில்லை, கோழி கிளறின மாதிரி இருந்தது.

மாமி வந்து வாசற்படியில் நின்றார். "நல்லாத்தான் கூட்டியிருக்கிறாய். ஆனாக் குப்பையைச் சாமியறைப் பக்கம் கொண்டு வாறியே." விளக்குமாற்றை வாங்கினார். வாசலில் தொடங்கிப் படலை வரை திரும்பக் கூட்டினார். நான் படியில் இருந்து பார்த்தேன். குனியும்போது முழங்காலில் ஒரு கை, கூட்டுகிறது மற்றக் கை. நேற்று விழுந்த இலைகளும் என்னுடைய கோடுகளும் எல்லாம் போயின.

பிடியரிசி, பிட்டு, முதல் துண்டு. ஒன்பது மணிக்கு ஓட்டோ வந்தது. இந்த முறை மதிலோரமாகப் போ என்று மாமி சொல்லவில்லை. முற்றத்தின் நடுவாலேயே பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன். மணலில் சில்லுத் தடம் இரண்டு கோடாக, பக்கத்தில் என் கால் தடம். படலையடியில் திரும்பிப் பார்த்து, "ஐயோ, எல்லாத்தையும் பழுதாக்கிட்டன்" என்றேன்.

"ஆள் வெளிக்கிட்டாப் போய்ச் சேரும் வரைக்கும் கூட்டக் கூடாது. நீ போ."

ஹபரணையில் பஸ் நின்றபோது போன் எடுத்தேன். மணி பன்னிரண்டாகியிருந்தது.

"கூட்டிட்டீங்களே மாமி?"

"இல்லை. எங்க நிக்கிறாய்?"

"ஹபரணை."

"அப்ப கிடக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.